நெறி ஏன் கட்டுகிறது? நிணநீர் அமைப்பும் நோய் எதிர்ப்புச் செல்களின் இருப்பிடங்களும்

குறுவையோ சம்பாவோ, நடவுக் காலத்தில் நாள் முழுவதும் சேற்றில் நிற்பவர்களுக்குக் கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் வருவது காவிரிப் படுகையில் எல்லோரும் அறிந்ததே. அந்தப் புண்ணில் கிருமியேறிச் சீழ் வைத்துவிட்டால், ஓரிரு நாட்களில் தொடை இடுக்கில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி வலியோடு தட்டுப்படும். நெறி கட்டியிருக்கிறது என்பார்கள். உடம்புச் சூடு, அதிக நடை, நரம்பு சுருண்டுகொண்டது என்று அதற்குப் பல காரணங்கள் சொல்லப்படும். புண் இருப்பது பாதத்தில், கட்டி எழுந்திருப்பதோ தொடை இடுக்கில். இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை எது கடந்து வந்தது என்ற கேள்வியை மட்டும் யாரும் பெரிதாக எழுப்புவதில்லை.

நோய் எதிர்ப்பு பற்றிய பேச்சும் ஏறத்தாழ இதே நிலையில்தான் இருக்கிறது. 2020-ல் கொரோனா பரவியதிலிருந்து அது கூடுகிறது, குறைகிறது, இந்தப் பொடியால் ஏறும், அந்தக் கஷாயத்தால் பெருகும் என்று, ஏதோ உடலுக்குள் ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கும் சரக்கைப் போலப் பேசப்படுகிறது. அதை ஒரே எண்ணாகக் காட்டக்கூடிய ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது, இருக்கவும் முடியாது. ஏனென்றால் நோய் எதிர்ப்பு என்பது பெரும்பாலும் இடங்களையும் பாதைகளையும் பற்றிய விஷயம்: எந்தச் செல் எங்கே உருவாகிறது, எங்கே காத்திருக்கிறது, எந்த வழியாகப் போகிறது, எந்த இடத்தில் எதைச் சந்திக்கிறது என்பவற்றைப் பொறுத்தே ஒரு கிருமி அடங்குவதும் அடங்காததும் அமைகிறது. தொடை இடுக்கில் கட்டும் நெறி அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. நம் விரலுக்கு எட்டும் மிகச் சில பகுதிகளுள் ஒன்று.

வாய்க்காலும் வடிகாலும்

கல்லணையில் பிரியும் நீர் ஆறுகளாகவும், ஆறுகளிலிருந்து வாய்க்கால்களாகவும், பின்னர் கன்னி எனப்படும் சிறு வாய்க்கால்களாகவும் கிளைத்து வயலுக்கு வருகிறது. வயலில் தேங்கும் உபரி நீர் வேறொரு வழியாக, வடிகால் வழியாக வெளியேறுகிறது. பாய்ச்சல் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் வடிகால் சரியில்லையென்றால், வடகிழக்குப் பருவமழையின்போது பயிர் அழுகிப்போகும் என்பதைப் படுகையின் கடைமடைப் பகுதியில் உள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மேலூரின் வடிகால் பல இடங்களில் கீழூருக்குப் பாசன வாய்க்காலாக மாறுகிறது என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

உடலிலும் இந்த இரு ஏற்பாடுகள் உண்டு. இதயத்திலிருந்து புறப்படும் ரத்தம் தமனிகள் வழியாகச் சென்று, மயிரிழையினும் மெல்லிய தந்துகிகளை அடைகிறது. தந்துகிகளின் சுவர் மிக மெல்லியது. அதன் வழியே நீரும் உப்புகளும் சிறிதளவு புரதமும் கசிந்து, திசுக்களில் செல்களுக்கு இடையே உள்ள வெளியை நனைக்கின்றன. கசிந்த நீரில் பெரும்பகுதி மீண்டும் ரத்த ஓட்டத்திலேயே சேர்ந்துவிடுகிறது. ஆயினும் நாளொன்றுக்குச் சுமார் 3 லிட்டர் மிஞ்சுகிறது. இந்த மிச்சத்தை வாங்கிக்கொள்வதற்கென்றே திசுக்களுக்குள் ஒரு முனை மூடிய நுண்குழாய்கள் தொடங்குகின்றன. அவையே நிணநீர் நாளங்கள். அவற்றில் ஓடும் வெளிறிய திரவமே நிணநீர்.

நிணநீருக்கு இதயத்தைப் போல ஒரு தனி உந்துவிசை கிடையாது. நாளங்களின் சுவரில் உள்ள தசைகள் மெல்லச் சுருங்கி விரிவதும், நாம் நடக்கும்போது காலின் தசைகள் அழுத்துவதும், மூச்சு இழுக்கும்போது மார்புக்குள் ஏற்படும் அழுத்த மாற்றமும் சேர்ந்து அதை மேலே தள்ளுகின்றன. உள்ளே இருக்கும் வால்வுகள் அது பின்னோக்கி வராமல் தடுக்கின்றன. நீண்ட நேரம் காலைத் தொங்கவிட்டுப் பேருந்தில் உட்கார்ந்து வந்தால் பாதம் வீங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். சிறு நாளங்கள் பெரியவற்றில் சேர்ந்து, இறுதியில் முதுகெலும்பை ஒட்டி மேலேறும் மார்பு நாளத்தில் கலக்கின்றன. அது கழுத்தின் இடது அடிப்பகுதியில் ஒரு பெரிய சிரைக்குள் நிணநீரைக் கொட்டுகிறது. தலை, மார்பு ஆகியவற்றின் வலப்பக்கமும் வலது கையும் மட்டும் வலப்புறக் கழுத்தில் உள்ள ஒரு சிறு நாளத்தில் வடிகின்றன. ஆக, வடிந்த நீர் வீணாவதில்லை, மீண்டும் ரத்தமாகிறது.

இந்த வலையமைப்பு முதலில் கண்ணில் பட்டது 1622-ல். இத்தாலிய மருத்துவர் காஸ்பரே அசெல்லி, வயிறாரத் தின்றிருந்த ஒரு நாயின் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது, குடலைத் தாங்கும் சவ்வில் பால்போல் வெளுத்த நாளங்களைக் கண்டார். உணவிலிருந்து உறிஞ்சப்பட்ட கொழுப்பு அவற்றின் வழியாகப் போய்க்கொண்டிருந்ததால்தான் அந்த வெண்மை.

வயல் வடிகாலோடு ஒப்பிடுவது இதுவரைதான் பொருந்தும். வயல் வடிகாலில் எது கலந்து வருகிறது என்று வழியில் யாரும் நின்று பார்ப்பதில்லை. நிணநீரோ, வழியில் குறைந்தது ஒரு கணுவையாவது கடந்துதான் ரத்தத்தைச் சேருகிறது. நோய் எதிர்ப்பின் மையமான வேலை அந்தக் கணுக்களில்தான் நடக்கிறது.

சுருக்கமாக: ரத்தத்திலிருந்து கசிந்து மிஞ்சும் நீர் நிணநீராகிறது. அது தனி நாளங்களில் வடிந்து, கழுத்தருகே மீண்டும் ரத்தத்தில் சேர்கிறது. பாதத்துப் புண்ணில் இருக்கும் கிருமியும் கிருமியின் துணுக்குகளும் இதே நீரோடுதான் மேலேறுகின்றன.

கணுவுக்குள் நடப்பது என்ன

நிணநீர் நாளங்களின் வழியில் அமைந்த, அவரை விதை வடிவமுள்ள சிறு உறுப்பே நிணநீர்க்கணு. ஒருவர் உடலில் சுமார் 600 கணுக்கள் உள்ளன. சாதாரணக் காலத்தில் பெரும்பாலானவை ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவானவை, கைக்குத் தட்டுப்படாதவை. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் அவை கூட்டமாகவும் தோலுக்கு அருகிலும் இருப்பதால்தான் நெறி கட்டுவது அங்கெல்லாம் நமக்குத் தெரிகிறது. நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் உள்ள கணுக்கள் வீங்கினாலும் கை வைத்துக் கண்டறிவது அரிது.

கணு எதற்காகத் தேவை என்பதைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். வெள்ளணுக்களில் லிம்போசைட் என்று ஒரு வகை உண்டு. அதன் முக்கியமான இரு பிரிவுகள் டி செல், பி செல் எனப்படும். ஒவ்வொரு லிம்போசைட்டின் மேற்பரப்பிலும் ஒரே வடிவமுள்ள ஏற்பிகள் பதிந்திருக்கும். அந்த வடிவத்தில் பொருந்தக்கூடிய பொருளை மட்டுமே அது அடையாளம் காணும். அப்படி அடையாளம் காணப்படும் பொருளுக்கு, அது பெரும்பாலும் கிருமியின் புரதத் துணுக்காக இருக்கும், ஆன்டிஜென் என்று பெயர். எந்தக் கிருமி எப்போது வரும் என்று உடலுக்கு முன்கூட்டித் தெரியாது. ஆகவே மரபணுத் துண்டுகளை எதேச்சையாக மாற்றி மாற்றிக் கோத்துக் கோடிக்கணக்கான வெவ்வேறு வடிவங்களை அது முன்னதாகவே உண்டாக்கி வைக்கிறது. இந்தக் கோப்பு முறையை எதிர்ப்பொருள் மரபணுக்களில் கண்டறிந்த சுசுமு டோனெகாவாவுக்கு 1987-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. வடிவங்கள் பெருகப் பெருக, ஒவ்வொரு வடிவத்துக்கும் உரிய செல்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும். இதற்கு முன் சந்தித்திராத ஒரு கிருமியின் ஒரு குறிப்பிட்ட துணுக்குக்குப் பொருந்தும் டி செல், ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் டி செல்களில் ஒன்றாகத்தான் இருக்கும். அந்த ஒன்று, உடல் முழுவதும் அலைந்து, இடது காலின் சுண்டுவிரல் இடுக்கில் உள்ள புண்ணுக்குத் தற்செயலாக வந்து சேரும் என்று காத்திருந்தால் கிருமி முந்திக்கொள்ளும். ஆகவே கிருமியின் துணுக்கை ஒரு குறிப்பிட்ட இடத்துக்குக் கொண்டு வருவதும், எல்லா லிம்போசைட்டுகளையும் முறைவைத்து அந்த இடத்தைக் கடக்கச் செய்வதும்தான் வழி. இரண்டு பாதைகளும் சந்திக்கும் அந்த இடமே நிணநீர்க்கணு.

துணுக்கைக் கொண்டு வருவது டென்ட்ரிடிக் செல் எனப்படும் கிளைகள் நீண்ட ஒரு செல். தோலிலும் மூச்சுப்பாதையிலும் குடலிலும் அது பரவிக் கிடக்கிறது. தோலில் உள்ள இவ்வகைச் செல்லை 1868-லேயே ஜெர்மானிய மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார். கிளைகளைப் பார்த்து அது நரம்பைச் சேர்ந்தது என்று அவர் கருதினார். டென்ட்ரிடிக் செல்லைத் தனி வகையாக 1973-ல் ரால்ஃப் ஸ்டெய்ன்மன் விவரித்தபோதும் அதன் முக்கியத்துவத்தைத் துறையினர் உடனே ஏற்கவில்லை. 2011-ல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவிப்புக்கு 3 நாட்களுக்கு முன்பே அவர் இறந்துபோயிருந்தார் என்பது பரிசுக் குழுவுக்கே பின்னர்தான் தெரிந்தது.

சேற்றுப்புண்ணில் கிருமி நுழைந்ததும், அங்குள்ள டென்ட்ரிடிக் செல்கள் அதன் துணுக்குகளை விழுங்கி, நிணநீர் நாளத்துக்குள் புகுந்து, தொடை இடுக்கில் உள்ள கணுவை அடைகின்றன. கணுவின் உட்பகுதி குழம்பாகக் கலந்து கிடப்பதில்லை. அதற்குள் எல்லைகள் உண்டு. வெளி விளிம்பில் பி செல்கள் உருண்டை உருண்டையாகத் திரண்டிருக்கும். அதற்கு உட்புறம் டி செல்களின் பகுதி. டென்ட்ரிடிக் செல்கள் வந்து தங்குவது இங்கேதான். நடுவில், வெளியேறும் வழிக்கு அருகே, விழுங்கும் தன்மையுள்ள மேக்ரோஃபேஜ் செல்களும் எதிர்ப்பொருள் சுரக்கும் செல்களும் இருக்கும். நிணநீர் பல நாளங்கள் வழியாகக் கணுவுக்குள் நுழைந்து, ஒன்றிரண்டு நாளங்கள் வழியாக வெளியேறும். லிம்போசைட்டுகளில் பெரும்பாலானவை வேறு வாசல் வழியாக வருகின்றன: டி செல் பகுதியில் உள்ள சிறப்பான சிறு சிரைகளின் சுவரைத் துளைத்து, ரத்தத்திலிருந்து நேரே உள்ளே இறங்குகின்றன.

உள்ளே இறங்கிய டி செல், டென்ட்ரிடிக் செல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நகர்கிறது. பொருந்தாவிட்டால் சுமார் அரை நாளிலோ ஒரு நாளிலோ வெளியேறி அடுத்த கணுவுக்குப் போகும். பொருந்திவிட்டால் அங்கேயே தங்கிப் பிளவுபடத் தொடங்கும். ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக, சில நாட்களில் ஆயிரக்கணக்காகும். அவற்றில் ஒரு பகுதி புண்ணுக்குப் புறப்படும். இன்னொரு பகுதி பி செல்களின் எல்லைக்கு நகர்ந்து, அதே கிருமியை அடையாளம் கண்ட பி செல்லுக்குத் துணை நிற்கும். துணை பெற்ற பி செல்கள் முளை மையம் என்ற திரளாகப் பெருகி, தம் ஏற்பியின் வடிவத்தைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்க்கும். நன்றாகப் பொருந்துபவை நிலைக்கும், மற்றவை மடியும். நிலைத்தவற்றில் பல பிளாஸ்மா செல்களாக மாறி, நொடிக்கு ஆயிரக்கணக்கில் எதிர்ப்பொருள்களை வெளியிடும். எதிர்ப்பொருள் என்பது பி செல்லின் ஏற்பியே தனித்துப் பிரிந்து ரத்தத்தில் மிதப்பதைப் போன்ற ஒரு புரதம். கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு அதை முடக்குவதும், விழுங்கும் செல்களுக்கு அதைக் காட்டிக்கொடுப்பதும் அதன் பணி.

நெறி கட்டுவதன் காரணம் இப்போது தெளிவாகும். கிருமியின் செய்தி வந்ததும் கணுவுக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது, உள்ளே வரும் செல்கள் அதிகரிக்கின்றன, வெளியேறும் வழி சிறிது காலம் இறுக்கப்படுகிறது, தங்கிய செல்களும் பெருகுகின்றன. கணுவின் உறை இழுபடுவதால் வலி. கட்டியைத் தேய்த்து அமுக்கிக் கரைக்க முயல்வதில் பயனில்லை. புண்ணைக் கழுவிச் சிகிச்சை செய்தால் கணு சில வாரங்களில் தானே சுருங்கும். கிருமியே கணுவுக்குள் குடியேறிவிடுவதும் உண்டு. கழுத்தில் வரிசையாகக் கணுக்கள் வீங்கும் கண்டமாலை பெரும்பாலும் காசநோய்க் கிருமி அவ்வாறு தங்குவதால் வருவதே.

எந்தப் பகுதி எந்தக் கணுவில் வடிகிறது என்பது ஏறக்குறைய மாறாதது. காலின் புண்ணுக்குத் தொடை இடுக்கு, கையின் புண்ணுக்கு அக்குள், சொத்தைப் பல்லுக்குத் தாடையின் அடி, பேனும் சிரங்கும் உள்ள குழந்தையின் தலைக்குப் பிடரி. பிறந்த குழந்தைக்கு இடது கையில் பிசிஜி ஊசி போட்ட சில வாரங்களில் இடது அக்குளில் சிறு கட்டி தென்பட்டால், அதைக் கண்டு மிரளும் பெற்றோருக்கு மருத்துவர் நிதானமாகப் பதில் சொல்வதும் இந்த வரைபடம் அவர் மனத்தில் இருப்பதால்தான்.

சுருக்கமாக: பொருந்தும் செல்கள் மிக அரிதானவை என்பதால் கிருமியின் துணுக்கும் லிம்போசைட்டுகளும் சந்திக்க ஒரு நிலையான இடம் தேவைப்படுகிறது. அந்தச் சந்திப்பும் பெருக்கமும் நடக்கும்போது கணு வீங்குகிறது.

செல்கள் பிறக்கும் இடமும் தேறும் இடமும்

லிம்போசைட்டுகள் கணுவில் பிறப்பதில்லை. ரத்த செல்கள் அனைத்துக்கும் மூலமான தண்டு செல்கள் எலும்பு மஜ்ஜையில் இருக்கின்றன. பெரியவர்களில் முக்கியமாக இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்பு, விலா எலும்பு ஆகியவற்றின் மஜ்ஜையில். பி செல்கள் பெரும்பாலும் அங்கேயே முதிர்கின்றன. டி செல்களாக வேண்டியவை முதிராத நிலையிலேயே புறப்பட்டு, மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே உள்ள தைமஸ் என்ற உறுப்புக்குப் போகின்றன. மஜ்ஜையும் தைமஸும் முதன்மை நிணநீர் உறுப்புகள் எனப்படும். கணு, மண்ணீரல், டான்சில் போன்று ஏற்கெனவே முதிர்ந்த செல்கள் ஆன்டிஜெனைச் சந்திக்கும் இடங்கள் இரண்டாம் நிலை உறுப்புகள்.

1961 வரை தைமஸ் பயனற்றுப்போன ஓர் உறுப்பு என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். பிறந்த உடனே தைமஸை நீக்கிய எலிகள் லிம்போசைட்டுகள் குறைந்து தொற்றுகளுக்கு இரையாவதையும், அவற்றின் உடல் வேறு எலியின் தோலைக்கூட மறுக்காமல் ஏற்றுக்கொள்வதையும் ஜாக் மில்லர் அந்த ஆண்டில் காட்டினார். ஏற்பிகள் எதேச்சையாகக் கோக்கப்படுவதால் அவற்றில் பல எதற்குமே உதவாதவையாகவும், சில நம் சொந்தத் திசுவையே தாக்கக்கூடியவையாகவும் இருக்கும். தைமஸ் இவற்றைச் சலித்தெடுக்கிறது. அங்கே வளரத் தொடங்கும் செல்களில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை வெளியே வராமல் மடிகின்றன. இவ்வளவு கடுமையான சலிப்பையும் மீறித் தப்பிப்பவற்றை அடக்கி வைக்க, ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று தனிப் பிரிவு ஒன்று இருக்கிறது. அதைக் கண்டறிந்து விளக்கிய மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கும் 2025-ல் மருத்துவ நோபல் கிடைத்தது.

எதிர்ப்பைக் கூட்டிக்கொண்டே போவதுதான் நல்லது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். கட்டுப்பாடின்றிக் கூடிய எதிர்ப்பின் விளைவுகளுக்கும் பெயர்கள் உண்டு: முடக்குவாதம், லூபஸ், ஆஸ்துமா.

தைமஸ் பருவ வயதுக்குப் பின் படிப்படியாகச் சுருங்கிக் கொழுப்பாக மாறிவிடுகிறது. முதியவர்களுக்குப் புதிய கிருமிகளைச் சமாளிப்பது கடினமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பி செல்களின் கதை கோழியிலிருந்து தொடங்கியது. கோழியின் மலத்துளைக்கு அருகே ஃபேப்ரிசியஸ் பை என்ற சிறு பை இருக்கிறது. கோழிக்கு பி செல்கள் முதிர்வது அங்கேதான். 1950-களில் புரூஸ் கிளிக் அந்தப் பையை நீக்கிய கோழிகள் எதிர்ப்பொருள் உண்டாக்கத் தவறுவதைக் கண்டார். கோழி வளர்ப்பவர்கள் அஞ்சும் கம்போரோ நோய் தாக்குவது இந்தப் பையைத்தான். குஞ்சுப் பருவத்தில் பை சிதைந்த கோழிக்குப் பின்னர் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டாலும் அது சரியாகப் பிடிப்பதில்லை. ஊசியில் மருந்து இருக்கிறது, அதற்கு மறுமொழி கொடுக்க வேண்டிய செல்கள் முதிரும் இடம் இல்லை.

ரத்தப் பரிசோதனை காட்டுவது எவ்வளவு

ரத்தப் பரிசோதனைத் தாளில் வெள்ளணு எண்ணிக்கையைப் பார்த்து எதிர்ப்பு நன்றாக இருக்கிறது, குறைந்துவிட்டது என்று தாமே முடிவுகட்டுபவர்கள் உண்டு. உடலில் உள்ள லிம்போசைட்டுகளில் ஒரு நேரத்தில் ரத்தத்தில் இருப்பவை சுமார் 2 விழுக்காடுதான். மற்றவை கணுக்களிலும் மண்ணீரலிலும் குடல் சுவரிலும் மஜ்ஜையிலும் இருக்கின்றன. ரத்தம் அவற்றுக்கு வழி, தங்குமிடம் அன்று.

இதை உறுதிப்படுத்தியவர் ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு செய்த ஜேம்ஸ் கோவன்ஸ். 1950-களின் இறுதியில் அவர் எலிகளின் மார்பு நாளத்திலிருந்து நிணநீரைத் தொடர்ந்து வெளியே வடித்தார். சில நாட்களில் அதில் வரும் லிம்போசைட்டுகள் வெகுவாகக் குறைந்தன. வடித்த செல்களை அடையாளமிட்டு ரத்தத்தில் திருப்பிச் செலுத்தியபோது அவை மீண்டும் நிணநீரில் தோன்றின. லிம்போசைட்டுகள் நாளும் புதிதாகப் பிறந்து அழிவதில்லை என்பதும், ரத்தத்திலிருந்து கணுவுக்கும் கணுவிலிருந்து நிணநீர் வழியாக மறுபடி ரத்தத்துக்கும் அவை சுற்றிக்கொண்டே இருக்கின்றன என்பதும் அதனால் தெரிந்தது.

வெள்ளணுக்களில் எண்ணிக்கையில் முதலிடம் பெறும் நியூட்ரோஃபில்கள் இந்தச் சுற்றில் சேர்வதில்லை. மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து நேராகப் புண்ணுக்கும் சென்று, கிருமியை விழுங்கி அங்கேயே மடிகின்றன. சேற்றுப்புண்ணில் வடியும் சீழில் பெரும்பகுதி அவற்றின் எச்சமே. எந்தக் கிருமி என்று ஆராயாமல் சில மணி நேரத்தில் வந்து சேரும் இவ்வகை எதிர்ப்பு பிறவி எதிர்ப்பு எனப்படும். நாட்கள் எடுத்துக்கொண்டாலும் குறிப்பிட்ட கிருமிக்கென்றே அமையும் லிம்போசைட்டுகளின் எதிர்ப்பு தகவமைந்த எதிர்ப்பு எனப்படும்.

மண்ணீரலும் குடலும்

கணுக்கள் நிணநீரைப் பார்க்கின்றன என்றால், ரத்தத்தையே பார்ப்பது மண்ணீரல். இடது விலா எலும்புகளின் அடியில் சுமார் 150 கிராம் எடையில் இருக்கும் இந்த உறுப்பில் முதிர்ந்த சிவப்பணுக்களை அகற்றும் செந்நிறப் பகுதியும், டி செல்லும் பி செல்லும் எல்லை பிரித்துத் தங்கியிருக்கும் வெண்ணிறப் பகுதியும் உண்டு. மலேரியாவிலும் டைபாய்டிலும் மண்ணீரல் வீங்குவதும், விபத்தில் சிதைந்த மண்ணீரலை அகற்றியவர்களுக்கு நிமோகாக்கஸ் போன்ற கிருமிகளுக்கான தடுப்பூசிகளை வலியுறுத்துவதும் ரத்தத்தில் நுழையும் கிருமிகளைப் பிடிக்கும் இடம் அது என்பதால்தான்.

உடலின் லிம்போசைட்டுகளில் ஒரு பங்கு குடலைச் சுற்றி இருக்கிறது. உணவோடு நாள்தோறும் அந்நியப் பொருள்கள் வந்துபோகும் இடம் அதுதான் என்பதை எண்ணினால் இது வியப்பன்று. சிறுகுடலின் கடைப்பகுதிச் சுவரில் பேயர் திட்டுகள் என்ற நிணநீர்த் திசுத் திரள்கள் உள்ளன. 1677-ல் அவற்றை விவரித்த யோஹான் பேயரின் பெயரால் வழங்குகின்றன. அவற்றின் மேற்பரப்பில் உள்ள தனி வகைச் செல்கள் குடலில் இருப்பவற்றைச் சிறிது சிறிதாக உள்ளே கடத்தி, கீழே காத்திருக்கும் லிம்போசைட்டுகளுக்குக் காட்டுகின்றன. இங்கே உருவாகும் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் குடலின் உட்புறத்திலேயே சுரக்கப்படுகிறது. போலியோ சொட்டு மருந்தை வாய்வழியாகக் கொடுப்பதன் ஒரு பயன் இதுவே: எதிர்ப்பு ரத்தத்தில் மட்டுமன்றி, அந்தக் கிருமி பெருகும் குடலிலும் உண்டாகிறது.

டைபாய்டு கிருமி இதே வாசலைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. பேயர் திட்டுகள் வழியாக நுழைந்து, விழுங்கும் செல்களுக்குள்ளேயே உயிர்பிழைத்து, நிணநீர் வழியாக ரத்தத்தை அடைகிறது. சிகிச்சையின்றி விட்ட டைபாய்டில் சிறுகுடலின் அதே கடைப்பகுதி புண்ணாகி ஓட்டை விழும் அபாயம் இருப்பது தற்செயலன்று. தொண்டையின் டான்சில்களும் மூக்கின் பின்புறத்து அடினாய்டும் இதே வகைத் திசுக்களே.

தொற்று அடங்கிய பின் பெருகிய செல்களில் பெரும்பாலானவை மடிந்துவிட, ஒரு சிறுபகுதி நினைவுச் செல்களாக மிஞ்சுகிறது. சில பிளாஸ்மா செல்கள் மஜ்ஜைக்குத் திரும்பி, ஆண்டுக்கணக்கில் எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டிருக்கின்றன. தடுப்பூசி செய்வது இதைத்தான்: நோயில்லாமல் ஆன்டிஜெனை மட்டும் அருகில் உள்ள கணுவுக்கு அனுப்பி, பொருந்தும் அரிய செல்களைப் பெருக்கி வைப்பது. பொதுவாக ‘எதிர்ப்பைக் கூட்டும்’ என்று விற்கப்படும் எதுவும் இந்தக் குறிப்பான வேலையைச் செய்வதில்லை. சத்தான உணவும் தூக்கமும் இந்த அமைப்பு பழுதின்றி இயங்கத் தேவை. அவை எந்தக் கிருமியையும் அதற்கு அறிமுகப்படுத்துவதில்லை.

வடிகால் பழுதானால்

ஒரு காலத்தில் கும்பகோணம் என்றால் வெற்றிலையோடு யானைக்காலும் நினைவுக்கு வரும். உச்செரீரியா பான்கிராஃப்டி என்ற நூல்போன்ற புழுவைச் சாக்கடையிலும் தேங்கிய அழுக்கு நீரிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசு பரப்புகிறது. முதிர்ந்த புழுக்கள் வாழ்வது நிணநீர் நாளங்களுக்குள்ளேயே, பல ஆண்டுகள். அவை ஈனும் நுண்புழுக்கள் இரவில்தான் ரத்தத்தில் மிகுதியாக உலவும் என்பதால், சுகாதாரப் பணியாளர்கள் இரவு நேரத்தில் வீடு தேடி வந்து விரலில் குத்தி ரத்தம் எடுப்பது இப்பகுதியில் பழக்கப்பட்ட காட்சி.

புழுக்கள் தங்கிய நாளங்கள் விரிந்து தளர்கின்றன, வால்வுகள் கெடுகின்றன, நிணநீர் மேலேறாமல் காலில் தேங்குகிறது. இந்தக் கால் வீக்கத்தோடு எதிர்ப்பும் அந்தப் பகுதியில் குலைவதைப் பலர் அறிவதில்லை. டென்ட்ரிடிக் செல்கள் கணுவை அடைய வேண்டிய பாதையே பழுதாகிவிட்டதால், சிறு வெடிப்பிலோ விரல் இடுக்குப் புண்ணிலோ நுழையும் பாக்டீரியா அங்கே அடங்குவதில்லை. குளிர்காய்ச்சலோடு கால் சிவந்து வீங்குவது திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் எஞ்சிய நாளங்கள் மேலும் சேதமடையும். கால் மேலும் தடிக்கும். அந்த மனிதரின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைவில்லாமல் இருக்கலாம், வேறு உறுப்புகளில் எதிர்ப்பு முழுமையாக இயங்கலாம். ஒரு காலில் மட்டும் ஏற்பாடு சிதைந்திருக்கிறது.

இந்தியாவில் தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955-ல் தொடங்கியது. பின்னாளில் டிஇசி, அல்பெண்டசோல் மாத்திரைகளை ஆண்டுக்கொருமுறை ஊர் முழுவதற்கும் வழங்கும் முறை வந்தது. நோய் அறிகுறி இல்லாதவருக்கு எதற்கு மாத்திரை என்ற கேள்வி அப்போது எழுந்தது. நுண்புழுக்களைச் சுமப்பவர்களில் பலருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை என்பதும், கொசு அவர்களிடமிருந்துதான் அவற்றை எடுத்துச் செல்கிறது என்பதுமே அதற்கான விடை. ஏற்கெனவே வீங்கிய காலை மாத்திரையால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. அன்றாடம் சோப்பு போட்டுக் கழுவி, விரல் இடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, புண்களுக்கு உடனே மருந்திட்டு, உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைத்தால், காய்ச்சலோடு வரும் தாக்குதல்கள் கணிசமாகக் குறைகின்றன.

எந்தக் கட்டியைக் காட்ட வேண்டும்

புண்ணோ தொண்டை வலியோ இருக்கும்போது வலியோடு எழுந்து, அது ஆறும்போது தானும் சுருங்கும் கணுவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. வலியே இல்லாமல் கெட்டியாக, நகராமல் இருப்பது, 2 வாரத்துக்கு மேலும் வளர்ந்துகொண்டே போவது, மாலை நேரக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு ஆகியவற்றோடு வருவது, உடலின் பல இடங்களில் ஒருசேரத் தோன்றுவது ஆகியவை மருத்துவரிடம் காட்டப்பட வேண்டியவை. காசநோய், நிணநீர்ப் புற்றுநோய், வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றுநோய் ஆகிய மூன்றுமே இப்படித் தோன்றக்கூடும். புற்றுச் செல்களும் நிணநீரோடு வடிந்து கணுவில் தங்குகின்றன. மார்பகப் புற்றுநோயில் மருத்துவர் அக்குளைத் தடவிப் பார்ப்பது அதனால்தான்.

இடது காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் தோன்றும் கட்டி தனிக் கவனத்துக்குரியது. வயிற்றின் நிணநீர் முழுவதும் மார்பு நாளம் வழியாக அந்த இடத்துக்கு அருகேதான் வந்து சேர்கிறது. ஆகையால் இரைப்பைப் புற்றுநோயின் முதல் வெளி அடையாளம், வயிற்றில் பெரிதாகத் தொல்லை எதுவும் தெரியாத நிலையிலும், கழுத்தின் இடப்பக்கத்தில் காணப்படுவதுண்டு. மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து சில செல்களை உறிஞ்சி நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும்; அறுவைச் சிகிச்சை தேவையில்லை. தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதைச் செய்துகொள்ளலாம். கட்டி காசநோயால் வந்தது என்று தெரிந்தால், முழுக் காலத்துக்கான மருந்தையும் அரசு இலவசமாகத் தருகிறது.